ஹவுரா பாலத்தில் நட்டு போல்ட்டே இல்லையாம். அதுவா அதிசயம்?

நடைமேடை_ஒன்பது

போன வாரம் வேலை விஷயமா ஹவுரா போயிருந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த உடனே இடது கைப் பக்கம் வானத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது பாலம். கேமராவுக்குள்ள அடங்கவே மாட்டேங்குது. எப்படியோ ஒரு படம் எடுத்து குடும்ப குரூப்ல போட்டேன்.

பத்து நிமிஷத்துல பெரிய மாமா ஒரு ஃபார்வேர்டு தட்டிவிட்டார். உலகத்துலயே நட்டு போல்ட் இல்லாத ஒரே பாலமாம், தூணே இல்லாம காத்துல தொங்குதாம், இன்னைக்கு இருக்கிற எந்த இன்ஜினியராலயும் இதைக் கட்ட முடியாதாம். கீழ வழக்கம்போல கை கூப்பின பொம்மை அஞ்சு.

எனக்கு உதைக்குது. தூணே இல்லைன்னா ரெண்டு கரையிலயும் நிக்கிற அந்தக் கோபுரம் என்ன? நட்டு போல்ட் இல்லாம எதை வச்சு ஒட்டினாங்க, பசையா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, மாமாவுக்குப் பதில் போடணும்.

சூடான_ஆணி

ரிவிட்டு தம்பி ரிவிட்டு. உங்க மாமா ஃபார்வேர்டுக்கும் ஒரு ரிவிட்டு அடிச்சிடலாம்.

எங்கப்பா திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்புல பாய்லர் செக்‌ஷன். நீராவி இன்ஜின் பாய்லர் பூரா ரிவிட்டுதான். சின்ன வயசுல அவர் சொல்லிக் கேட்டதை எழுதறேன். காளான் மாதிரி ஒரு பக்கம் மட்டும் தலை வச்ச இரும்பு ஆணி. அதை உலையில போட்டுப் பழுக்கக் காய்ச்சுவாங்க. ஒருத்தர் இடுக்கியில பிடிச்சுத் தூக்கிப் போடுவார், மேல நிக்கிறவர் தகர வாளியில பிடிப்பார். செவப்பு ஆறுறதுக்குள்ள ஓட்டையில சொருகி, தலைப் பக்கம் ஒருத்தர் கனமான இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து நிப்பார். அதுக்குப் பேர் டோலி. மறுபக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற வாலைக் காத்துச் சுத்தியலால அடிச்சு அடிச்சு இன்னொரு தலை ஆக்கிடுவாங்க. எல்லாம் சில நொடிதான்.

சூட்சுமம் இதுக்கு அப்புறம்தான். ஆணி ஆறும்போது சுருங்கும். ரெண்டு பக்கமும் தலை இருக்கிறதால சுருங்க இடம் கிடைக்காது, நடுவுல மாட்டின தகடுகளை நெரிச்சுப் பிடிச்சுக்கும். யாரும் திருகி முறுக்கவே வேண்டாம். அடிச்ச ரிவிட்டு சரியான்னு பார்க்க அப்பா ஒரு பக்கம் சின்னச் சுத்தியலால தட்டிக்கிட்டே மறுபக்கம் விரல் வச்சுப் பார்ப்பாராம். தளர்ந்த ரிவிட்டுன்னா விரல்ல ஒரு அதிர்வு வரும். அப்புறம் என்ன, தலையைச் சீவி எடுத்துட்டுப் புதுசு அடிக்கணும். அவர் காது கடைசி வரைக்கும் மந்தம்தான், அது வேற கதை.

ஹவுராவுல பெரிய பாகங்களைப் பட்டறையிலயே ரிவிட்டடிச்சுக் கொண்டுவந்து, மிச்சத்தை ஆத்து மேல வச்சு அடிச்சிருப்பாங்க. அந்தக் காலத்துப் பெரிய பாலம் எல்லாம் இப்படித்தான். பழைய பாம்பன் ரயில் பாலத்தோட படத்தைப் பாருங்க, அதுலயும் ரிவிட்டு மயம்தான்.

கிணத்தடி

மேல நண்பர் எழுதினது அத்தனையும் சரி. நான் 30 வருஷம் பால வேலையில இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஈஃபில் கோபுரம் (1889), ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் (1890), சிட்னி துறைமுகப் பாலம் (1932) எல்லாமே ரிவெட் அடித்தவை. சிட்னியில் மட்டும் 60 லட்சம் ரிவெட் போல. முறுக்கிப் பிடிக்கிற உயர்வலு போல்ட் பெரிய பாலங்களுக்கு வந்து சேர்ந்ததே 1950-களில்தான். அதற்கு முன்னால் கட்டின பாலத்தில் போல்ட் இல்லை என்று வியப்பது, தாத்தா கல்யாணத்தில் வீடியோ எடுக்கவில்லை என்று வியப்பது மாதிரி.

ஆனால் ஃபார்வேர்டில் ஒரு வரியில் பாதி உண்மை இருக்கிறது. தூண் இல்லை என்பது அல்ல, ஆற்றுக்குள் தூண் இல்லை. உண்மையான சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கோபுரத்துக்கும் மற்றதுக்கும் நடுவே 1,500 அடி. தண்ணீரில் ஒரு கால்கூட இல்லை. கரையில் ஊன்றி ஆற்றின் மேல் கை நீட்டி நிற்கிற இந்த வகைக்குக் கான்டிலீவர் என்று பெயர். 1943-இல் திறந்தபோது அதைவிட நீளமாகத் தாண்டுகிற கான்டிலீவர் பாலம் உலகத்தில் இரண்டுதான்: கனடாவின் கியூபெக், அடுத்தது ஃபோர்த்.

ஏன் ஆற்றில் கால் வைக்கவில்லை என்பதை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

வெட்டிப்பேச்சு

எதுக்கு சார் இவ்வளவு. வெள்ளைக்காரன் கட்டினான், நிக்குது. நாம கட்டினா திறப்பு விழாவுக்கு முன்னாடியே விழுது. இழையை மூடிடலாம்.

சூடான_ஆணி

வந்துட்டாருய்யா.

கிணத்தடி

சாப்பிட்டாச்சு. வெட்டிப்பேச்சுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த இடத்தில் இருந்தது மிதவைப் பாலம். சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற பொறியாளர் வடிவமைத்தது. நீளம் 1,528 அடி. பாகங்களை இங்கிலாந்தில் செய்து கப்பலில் கொண்டுவந்து கல்கத்தாவில் பூட்டினார்கள். வேலை முடிகிற நேரத்தில், 1874 மார்ச்சில், புயலில் கட்டறுந்த ஈஜீரியா என்ற கப்பல் மோதி மிதவைகள் மூழ்கின, சுமார் 200 அடி பாலம் போயிற்று. சரிசெய்து அதே வருஷம் அக்டோபரில் திறந்துவிட்டார்கள்.

தற்காலிகம் என்று போட்டது, நம் ஊர் வழக்கப்படி, கிட்டத்தட்ட 70 வருஷம் ஓடியது.

மிதவைப் பாலத்துக்கு இரண்டு தலைவலி. ஒன்று, பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஹூக்ளி ஆற்றில் ஓதம் உண்டு. தண்ணீர் ஏறினால் பாலமும் ஏறும், வற்றினால் இறங்கும். வற்றின நேரத்தில் கரையேறும் சரிவு செங்குத்தாகிவிடும். பாரம் ஏற்றின மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, கப்பல் வந்தால் நடுவில் ஒரு துண்டைக் கழற்றி ஒதுக்கி வழிவிட வேண்டும். அதுவரைக்கும் இரு கரையிலும் ஊரே நிற்கும். பாம்பனில் கப்பலுக்காகப் பாலம் திறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ரயில் எப்போதாவதுதான் வரும், இங்கே வரிசையில் நின்றது ஒரு மாநகரம்.

நிலையான பாலம் வேண்டும் என்று முடிவானதும் துறைமுகக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஹூக்ளி வண்டல் சுமக்கிற ஆறு. நடுவில் கால் நட்டால் அதன் அடியில் ஒரு பக்கம் மண் அரிக்கும், இன்னொரு பக்கம் மேடு தட்டும், கப்பல் போகிற ஆழம் இடம் மாறும். கல்கத்தா பிழைத்ததே அந்தத் துறைமுகத்தால்தான். சர் ஆர்.என். முகர்ஜி தலைமையில் 1921-இல் ஒரு குழு, அதற்குப் பின் இன்னும் குழுக்கள், 1926-இல் ஹவுரா பாலத்துக்கென்றே ஒரு சட்டம் என்று பேசிப் பேசி, வேலை தொடங்கியது 1936-இல்.

அரைகுறை_சிவில்

சார், நான் மூணாவது வருஷம் சிவில். ஒரு சந்தேகம். ஆத்துல கால் வைக்கக் கூடாதுன்னா சிட்னி மாதிரி ஆர்ச் போட்டிருக்கலாமே? அதுவும் ஒரே தாவுதானே. இல்லைன்னா தொங்கு பாலம். ஏன் இவ்வளவு இரும்பைக் கொட்டி கான்டிலீவர்?

கிணத்தடி

நல்ல கேள்வி தம்பி. இந்தக் குழுக்களின் காலத்தில் ஒற்றை ஆர்ச் யோசனையும் மேஜைக்கு வந்ததுதான்.

பதில் மண்ணில் இருக்கிறது. வழவழப்பான சிமெண்ட் தரையில் ஏணியைச் சாய்த்து ஏறிப் பார். பாரம் ஏற ஏற ஏணியின் கால் வெளிப்பக்கம் வழுக்கும். ஆர்ச்சும் அப்படித்தான், தன் காலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிட்னியில் கரை பாறை, தாங்கிக்கொள்ளும். கல்கத்தா கரை வங்காளத்துக் களிமண். எவ்வளவு தோண்டினாலும் வண்டலும் மணலும் களியும்தான். தொங்கு பாலம் என்றால் நேர் எதிர், வடம் கரையை உள்பக்கம் இழுக்கும். அதைக் கட்டிப்போடவும் உறுதியான பிடி வேண்டும்.

சமநிலைக் கான்டிலீவர் பக்கவாட்டில் தள்ளாது, இழுக்காது. கோபுரத்தின் அடியில் நேர் கீழே அழுத்தும், அவ்வளவுதான்.

கிணற்று ஏற்றம் பார்த்திருக்கிறாயா? உன் வயதுக்குப் பார்த்திருக்க மாட்டாய், படத்திலாவது பார். நடுவில் ஒரு தூண், அதன் மேல் குறுக்கே ஒரு மரம். முன்னால் சாலில் தண்ணீர் ஏறினால் பின்வால் தூக்கும், அதை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு ஏற்றத்தை ஆற்றின் இரு கரையில் எதிரெதிரே நிறுத்து. முன்கை இரண்டும் ஆற்றின் மேல் நீட்டுகிறது, ஒவ்வொன்றும் 468 அடி. பின்வால் கரைப்பக்கம் 325 அடி, அதன் நுனியை மண்ணோடு கட்டிப்போட்டிருக்கிறது. இரண்டு முன்கை நுனியிலும் பொதுவாக ஒரு சால் தொங்குகிறது. அதுதான் நடுத்துண்டு, 564 அடி. கூட்டிப் பார், 1,500 வரும்.

வண்டிகள் போகிற தளம் இந்தச் சட்டத்துக்குக் கீழே தொங்கல் கம்பிகளில் தொங்குகிறது. 39 ஜோடி. ஆகவே தொங்குவது என்ற வார்த்தை முழுப் பொய் இல்லை. தொங்குவது காற்றில் அல்ல, இரும்பில்.

ஃபோர்த் பாலத்துக்கு பெஞ்சமின் பேக்கர் இதை மனிதர்களை வைத்தே காட்டினார். நாற்காலியில் இருவர் கை நீட்டி உட்கார, நடுவில் தொங்கும் பலகையில் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் வாட்டனாபே என்ற ஜப்பானியப் பொறியாளர். ஹவுரா பாலத்தைத் திறந்த கதையைக் கேட்டால் இதில் இருக்கிற வேடிக்கை புரியும், ஜப்பான் குண்டுக்குப் பயந்து விழாவே இல்லாமல் திறந்தார்கள்.

நடைமேடை_ஒன்பது

சார், ஏற்றம் புரிஞ்சுபோச்சு. அப்போ அவ்வளவு கனத்தையும் கோபுரத்துக்கு அடியில களிமண்ணுதான் தாங்குதா? எப்படி முங்காம நிக்குது?

கிணத்தடி

அதைக் கேட்பாயா மாட்டாயா என்று பார்த்தேன். என் பெயரே கிணத்தடி.

கிணறு இறக்கினார்கள். ஊரில் மணற்பாங்கான இடத்தில் உறை இறக்குவதுபோல. மேலே சுவரைக் கட்டிக்கொண்டே உள்ளே மண்ணை அள்ளினால் தன் கனத்திலேயே இறங்கும். இப்படி இறக்குகிற கிணற்றுக்குக் கெய்சன் என்று பெயர். கல்கத்தா பக்கத்துப் பெரிய கெய்சனின் அளவைக் கேளுங்கள்: 55 மீட்டருக்கு 25 மீட்டர். உள்ளே 21 அறைகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் சதுரத்துக்கு மேல். ஒரு தெருவையே கிணறாக இறக்குவது மாதிரி. கல்கத்தா பக்கம் தரைமட்டத்திலிருந்து 31 மீட்டர் ஆழம், ஹவுரா பக்கம் 26 மீட்டர் சொச்சம். கல்கத்தா பக்கம் ஓடுமணல் புகுந்ததால் காற்றழுத்தம் கொடுத்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரியது நேராக இறங்க வேண்டும். ஒரு மூலையில் மண் இளகினால் சாயும். அதனால் இளகின மண் வந்தால் சில அறைகளை அள்ளாமல் அப்படியே விட்டு, எதிரெதிர் அறைகளைச் சமமாக அள்ளினார்கள். எந்த அறையில் எவ்வளவு அள்ளுவது என்பதுதான் ஸ்டீயரிங். ராப்பகலாக, ஒரு நாளைக்கு ஒரு அடி கணக்கில். கடைசியில் குறித்த இடத்திலிருந்து 2, 3 அங்குலத்துக்குள் உட்கார்ந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு இல்லாத கிணறு ஒன்று என் கண் முன்னால் ஒரு முழம் சாய்ந்து, அதை நிமிர்த்த நாலு மாதம் ஆனது. அப்போது நான் தூங்கினதில்லை.

அள்ளின சேற்றில் நங்கூரம், பீரங்கி, பீரங்கிக் குண்டு, பித்தளைப் பாத்திரம், கம்பெனி காலத்துக் காசு எல்லாம் வந்திருக்கிறது. ஒரு ராத்திரி அடிமண் திடீரென்று வழிவிட, மொத்தக் கெய்சனும் 2 அடி குதித்தது. கிதர்பூரில் இருந்த நில அதிர்வுக் கருவி அதை நிலநடுக்கம் என்று பதிவு செய்தது. கரையிலிருந்த ஒரு கோயில் இடிந்து, பிறகு திரும்பக் கட்டிக்கொடுத்தார்கள்.

ஃபார்வேர்டு எழுதுகிறவனுக்கு இது கிடைக்கவில்லை பாருங்கள். நட்டு போல்ட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்.

அரைகுறை_சிவில்

சார், நடுத்துண்டை எப்படி மேல ஏத்தினாங்க? கியூபெக்குல தூக்கும்போது விழுந்துச்சுன்னு எங்க சார் சொன்னார்.

கிணத்தடி

கியூபெக்கில் இரண்டு தடவை விழுந்தது. 1907-இல் கட்டும்போதே அழுத்தம் தாங்குகிற கீழ்ச் சட்டம் நெளிந்து 75 பேர் போனார்கள். பாலத்தின் சொந்தக் கனத்தைக் குறைத்துக் கணக்குப் போட்ட பிழை. 1916-இல் நடுத்துண்டை முழுசாகக் கீழிருந்து தூக்கும்போது நழுவி 13 பேர்.

ஹவுராவில் தூக்கவே இல்லை. மேல் சட்டத்தின் மீது ஊர்ந்து போகிற கிரேனை வைத்துக்கொண்டு, கரையிலிருந்து ஆற்றை நோக்கிக் கட்டிக்கொண்டே போனார்கள். கட்டின பாகமே அடுத்த பாகத்துக்குச் சாரம். நடுத்துண்டின் ஒரு பாதியை இந்தக் கை நுனியிலும் மறு பாதியை அந்தக் கை நுனியிலும் தற்காலிகமாக விறைப்பாகப் பூட்டி நீட்டினார்கள். நடுவில் சந்தித்தபோது 800 டன் சக்தி கொண்ட 16 ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து இரண்டு பாதியையும் சேர்த்தார்கள். சேர்ந்த பிறகுதான் தற்காலிகப் பூட்டு விடுபட்டு நடுத்துண்டு தொங்கத் தொடங்கும். இதை வகுப்பில் இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் மொத்தப் பாலத்திலும் மயிர்க்கூச்செறிகிற இடம்.

வெட்டிப்பேச்சு

அதான் சொல்றேன். வெள்ளைக்காரன் மூளை.

சூடான_ஆணி

வரைபடம் லண்டன் ரெண்டல், பால்மர் அண்ட் டிரிட்டன் கம்பெனி, சரி. இரும்பு? மொத்தம் 26,500 டன். யுத்தம் வந்து இங்கிலாந்து இரும்பு எல்லாம் துப்பாக்கிக்குப் போயிடுச்சு. 23,000 டன் டாட்டா குடுத்தது. டிஸ்க்ரோம்னு உயர்வலு எஃகு. பாகங்களைச் செஞ்சது கல்கத்தாப் பட்டறைகள். ரிவிட்டு அடிச்சது எந்த வெள்ளைக்காரன்னு நினைக்கிறீங்க?

கிணத்தடி

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். வடிவமைப்பு லண்டன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கட்டினது பிரெய்த்வெய்ட், பர்ன், ஜெசப் மூன்றும் சேர்ந்த கல்கத்தாக் கம்பெனி. கியூபெக் விழுந்தபோது வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவரும் ஊர் உலகம் மெச்சின அமெரிக்கப் பொறியாளர்தான். விழுவதற்கும் நிற்பதற்கும் தோல் நிறம் காரணம் இல்லை, கணக்குச் சரிபார்க்க ஆள் இருந்தாரா என்பதுதான். வெட்டிப்பேச்சு, உங்கள் கோபம் நம் ஊர் டெண்டர் மேல் என்று தெரிகிறது. அதில் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் அது வேறு இழை.

லேக்மார்க்கெட்_மாமி

நான் கல்யாணமாகி கல்கத்தா வந்து 41 வருஷம் ஆச்சு. இழையை இப்போதான் பார்க்கறேன்.

நான் வந்த புதுசுல பாலத்து மேல டிராம் ஓடும். 93-ல நிறுத்திட்டா. 1943 பிப்ரவரியில பாலத்தைத் திறந்தப்போ முதல்ல போனதும் ஒரு ராத்திரி டிராம்தான்னு என் மாமனார் சொல்வார். விளக்கெல்லாம் அணைச்சு ஊரே இருட்டு, அதுக்கு முந்தின டிசம்பர்லதான் ஜப்பான்காரன் குண்டு போட்டிருந்தான். மாலை மரியாதை ஒண்ணும் கிடையாது.

பேர் மாத்தி 1965-லயே ரவீந்திர சேதுன்னு வச்சாச்சு. ஆனா டாக்சிக்காரன்கிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்கோ, ஒரு நிமிஷம் முழிப்பான்.

நீங்க எல்லாரும் கோபுரத்தையே அண்ணாந்து பார்க்கறேள். நான் கீழே பார்ப்பேன். மல்லிக் காட் பூ மார்க்கெட்டுக்குப் போறச்சே நடைபாதையில அந்தத் தொங்கல் கம்பியெல்லாம் தளத்துல வந்து சேர்ற இடம் இருக்கோல்லியோ, அங்கெல்லாம் செவப்பா வழிஞ்சிருக்கும். துருன்னு நினைச்சேன். இல்லை, பான், குட்கா துப்பினது! சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்து, கம்பியோட அடியை மூடியிருந்த இரும்பு உறை 6 மில்லிமீட்டர் கனம் இருந்தது 3-க்கும் கீழே கரைஞ்சுபோச்சாம். அப்புறம் கண்ணாடி இழை உறை மாட்டினா. அதைத் துடைச்சுக்கலாம், அரிக்காது. யுத்தம், புயல், பூகம்பம் ஒண்ணும் பண்ணலை. எச்சில் பண்ணிடுத்து.

வெட்டிப்பேச்சு

மாமி, இதுக்கு மட்டும் நான் வாயைத் திறக்கலை. 🙏

நடைமேடை_ஒன்பது

மாமாவுக்கு முழுசா டைப் பண்ணி அனுப்பிட்டேன். ஏற்றம், கிணறு, பீரங்கி, குட்கா எல்லாம். ரெண்டு நீல டிக் வந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சுப் பதில்: "நல்ல தகவல். அப்போ நட்டு போல்ட் இல்லைங்கறது உண்மைதானே?"

சூடான_ஆணி

😂😂 மாமாவுக்கு ரிவிட்டு இறங்கலை. இன்னும் கொஞ்சம் காய்ச்சணும்.

அரைகுறை_சிவில்

கடைசியா ஒண்ணு சார். பக்கத்துல வித்யாசாகர் சேது இருக்கே, 1992-ல திறந்தது, கேபிள் பாலம். அதோட நடு ஸ்பானும் 457 மீட்டர்னு போட்டிருக்கு. 1,500 அடியும் 457 மீட்டர்தானே? தற்செயலா?

கிணத்தடி

அதே ஆறு, அதே கப்பல், அதே களிமண். நடுவில் கால் வைக்காதே என்றால் தாண்ட வேண்டிய தூரமும் கிட்டத்தட்ட அதேதான் வரும். அடி வரைக்கும் ஒத்துப்போனது எப்படி என்று வடிவமைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நடைமேடை தம்பி, நீ திரும்ப எப்போது ஹவுரா போகிறாய்? போனால் ஒரு வேலை செய். ஸ்டேஷன் பக்கத்துக் கோபுரத்திலிருந்து ஆற்றை நோக்கி நடைபாதையில் நட. 143 மீட்டர், உன் நடைக்கு 190 தப்படி இருக்கும். அங்கே தளத்தில் ஒரு பெரிய இணைப்பு வரும். அதுதான் ஏற்றத்தின் கை முடிந்து சால் தொங்குகிற இடம். ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் வைத்து, பஸ் ஒன்று போகிற வரைக்கும் நில்.

நடைமேடை_ஒன்பது

அடுத்த மாசம் 12-ம் தேதி டிக்கெட் இருக்கு சார். எண்ணிக்கிட்டே போறேன்.

லேக்மார்க்கெட்_மாமி

காத்தால 6 மணிக்கு முன்னாடி போப்பா. அப்புறம்னா தலையில மூட்டையோட வர்றவன் உன்னை நிக்க விடமாட்டான்.